இதில் என்ன பெரிய புதுசு?

வாக்மேனுக்கு முன்பே அதைச் செய்து பார்த்தவர் நீதிமன்றத்தில் தோற்றார். ஐபாடின் மெனுவுக்கு உரிமை கொண்டாடிய நிறுவனம் பத்து கோடி டாலர் வாங்கியது. ‘இது யாருக்கும் தோன்றக்கூடியதுதானே’ என்ற கேள்வி காப்புரிமை உலகில் பலருடைய தலையெழுத்தை மாற்றியிருக்கிறது.

1972 பிப்ரவரி. சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ். மரங்களுக்கிடையே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. இருபதுகளில் இருக்கும் ஓர் இளைஞரும் அவருடைய காதலியும் காட்டுக்குள் நிற்கிறார்கள். இருவர் காதிலும் ஹெட்போன். இளைஞர் பொத்தானை அழுத்துகிறார். ஹெர்பி மானின் புல்லாங்குழலும் டுவேன் ஆல்மனின் கிட்டாரும் சேர்ந்த ‘புஷ் புஷ்’ கேசட் ஓடத் தொடங்குகிறது. வீட்டு ஹாலில் பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டிய ஸ்டீரியோ இசை, நட்ட நடுக் காட்டில் அந்த இருவருக்கு மட்டும் கேட்கிறது. அந்த நொடியில் மிதப்பதுபோல் இருந்தது என்று பல வருடம் கழித்து அவர் பேட்டியில் நினைவுகூர்ந்தார்.

ஆண்ட்ரியாஸ் பாவெல் என்பது அவர் பெயர். ஜெர்மனியின் ஆஹன் நகரில் பிறந்து, பிரேசிலின் சாவோ பாவ்லோவில் வளர்ந்து, தத்துவம் படித்தவர். இன்ஜினீயர் அல்ல. இசை மேல் உயிரையே வைத்திருந்தவர். தன் கருவிக்கு ‘ஸ்டீரியோபெல்ட்’ என்று பெயர் வைத்து கிரண்டிக், பிலிப்ஸ், யமஹா என்று பெரிய கம்பெனிகளின் வாசலில் ஏறி இறங்கினார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தெருவில் எவன் அலைவான் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 1977 மார்ச்சில் இத்தாலியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான்.

1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனியின் வாக்மேன் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. உலகமே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தெருவில் அலைந்தது.

சோனியோடு பாவெல் 1980-ல் பேச ஆரம்பித்தார். ஜெர்மனியில் விற்ற சில மாடல்களுக்கு மட்டும் ராயல்டி தர 1986-ல் சோனி ஒப்புக்கொண்டது. அது போதாது என்று அவர் பிரிட்டனில் வழக்குப் போட்டார். அங்கே அவருடைய காப்புரிமையே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஸ்டீரியோபெல்ட்டில் காப்புரிமை தரும் அளவுக்குக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்பதுதான் முடிவின் சாரம். பாவெலின் தலையில் முப்பது லட்சம் டாலருக்கு மேல் வழக்குச் செலவு விழுந்தது.

அவருக்கு அநியாயம் நடந்ததா? இந்தக் கதையைக் கேட்கிற எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் நீதிபதிகளுக்கு முன்னால் இருந்த கேள்வி வேறு.

மேசை மேல் இருந்த சாமான்கள்

காப்புரிமை கேட்டு வருகிறவர் மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். பொருள் புதிதாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு வெளிப்படையாகத் தோன்றிவிடக் கூடியதாக இருக்கக் கூடாது. முதல் இரண்டையும் ஓரளவு எளிதில் தாண்டிவிடலாம். உலகம் முழுக்கக் காப்புரிமைகள் இடறி விழுவது மூன்றாவதில்தான்.

1977-ல் ஓர் ஆடியோ இன்ஜினீயரின் மேசையில் என்னென்ன இருந்திருக்கும்? பிலிப்ஸ் 1963-ல் கொண்டுவந்த காம்பாக்ட் கேசட் இருந்தது. ஜான் காஸ் 1958-ல் அறிமுகப்படுத்திய ஸ்டீரியோ ஹெட்போன் இருந்தது. பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரை நிருபர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போனார்கள். காதில் ஒற்றை இயர்போனைச் சொருகிக்கொண்டு பாக்கெட் டிரான்சிஸ்டர் கேட்பது 1954 முதலே உண்டு. ‘நடந்துகொண்டே ஸ்டீரியோ கேட்க ஒரு கருவி வேண்டும், செய்து தா’ என்று அந்த இன்ஜினீயரிடம் சொன்னால் திணறியிருப்பாரா? எதை எதோடு இணைப்பது என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பாகமும் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்யப்போகிறது. எதிர்பாராத புது விளைவு எதுவும் பிறக்கப்போவதில்லை.

சோனியே இதற்குச் சாட்சி. நிறுவனர்களில் ஒருவரான மசாரு இபுகா, விமானப் பயணத்தில் இசை கேட்க ஒரு சின்னக் கருவி வேண்டும் என்றார். நிருபர்களுக்காக அவர்கள் ஏற்கெனவே விற்றுவந்த ‘பிரஸ்மேன்’ ரெக்கார்டரை எடுத்துப் பதிவு செய்யும் பகுதியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஸ்டீரியோ ஆம்ப்ளிபையரை வைத்தார்கள். கிடைத்தது வாக்மேனின் கரு. முதல் வாக்மேனை இன்று கையில் எடுத்துப் பார்த்தாலும் இது தெரியும். நீலமும் வெள்ளியுமான உலோக உடம்பு. இருவர் சேர்ந்து கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள். மேலே ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்று. அதை அழுத்தினால் பாட்டுச் சத்தம் தணியும், உள்ளிருக்கும் மைக் பக்கத்தில் இருப்பவரின் பேச்சைக் காதுக்குக் கொண்டுவரும். எல்லாமே தெரிந்த சாமான்கள். அழகாகச் சேர்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் பாவெல் செய்தது என்ன? மனிதர்களுக்கு இப்படி ஒன்று வேண்டியிருக்கும் என்பதைக் கண்டுபிடித்தார். சோனிக்குள்ளேயே இதில் பலருக்கு நம்பிக்கை இல்லை. பதிவு செய்ய முடியாத டேப் மெஷினை யார் வாங்குவார்கள் என்று விற்பனைப் பிரிவு கேட்டது. தலைவர் அகியோ மொரிட்டா தன் பொறுப்பில் செய்வதாகச் சொல்லித்தான் வேலையை நகர்த்தினார். ஆசையைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம். வியாபாரத்தில் அதுதான் பாதி வெற்றி. ஆனால் காப்புரிமைச் சட்டம் ஆசைக்கு உரிமை தருவதில்லை, அதை நிறைவேற்றும் நுட்பத்துக்குத்தான் தருகிறது. ‘யாரும் வாங்க மாட்டார்கள்’ என்று கம்பெனிகள் சொன்னது பாவெலுக்குச் சாதகமான சாட்சிபோலத் தெரிந்தாலும், ‘எங்களால் செய்ய முடியாது’ என்று அவர்கள் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் அவருடைய வழக்கு விழுந்தது. எனக்கு அந்த மனிதர் மேல் மிகுந்த மதிப்பு உண்டு. இருந்தாலும் தீர்ப்பு தவறென்று சொல்ல முடியவில்லை.

பெட்டிச் செய்தி: யார் அந்த ‘துறை தெரிந்தவர்’?

அவர் சட்டம் படைத்த கற்பனை மனிதர். தன் துறையில் வெளியான எல்லாவற்றையும் படித்தவர். மேதை அல்ல, மந்தபுத்தியும் அல்ல. பிரிட்டன் நீதிமன்றங்கள் 1985-ன் விண்ட்சர்ஃபிங் வழக்கிலிருந்து நான்கு படிகளில் இவரைக் கேள்வி கேட்கின்றன. இவர் யார், இவருக்கு என்ன தெரியும்? கண்டுபிடிப்பின் கரு எது? ஏற்கெனவே இருந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கண்டுபிடிப்பைப் பற்றி எதுவுமே அறியாத நிலையில் அந்த வித்தியாசம் இவருக்குத் தானாகத் தோன்றியிருக்குமா?

நான்காவதுதான் உயிர்நாடி. விடையைப் பார்த்த பிறகு எந்தக் கணக்கும் எளிது. நீதிபதி தன் சட்டைப் பையில் இருக்கும் போனை மறந்துவிட்டு, விண்ணப்பம் போட்ட தேதிக்குத் திரும்பிப் போய் யோசிக்க வேண்டும்.

அந்த விண்ட்சர்ஃபிங் வழக்கே இதற்கு நல்ல உதாரணம். பலகையில் பாய்மரம் பொருத்திய விளையாட்டுச் சாதனத்துக்கான காப்புரிமை அது. 1958-ல் ஹேலிங் தீவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டுச் சாமான்களைக் கொண்டு அப்படி ஒன்றைச் செய்து கடலில் ஓட்டியிருந்தது வெளியே வந்தது. காப்புரிமை செல்லாது என்றானது.

சிந்தாத குவளை ஜெயித்தது எப்படி?

பாவெல் தோற்ற மூன்றாவது வருடம், அதே இங்கிலாந்தில், அவருடையதைவிட எளிய பொருள் ஒன்று ஜெயித்தது. குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் குவளை அது.

மேண்டி ஹேபர்மன் என்ற பெண்மணி ஒரு வீட்டில் குழந்தை பழச்சாற்றை வெளிர்நிறக் கம்பளத்தில் கொட்டியதைப் பார்த்தார். மூக்கு வைத்த குவளைகள் கடைகளில் நிறைய இருந்தன. சாய்த்தால் எல்லாமே ஒழுகின. ஹேபர்மன் அந்த மூக்கினுள் கீறல் போட்ட ஒரு சின்ன வால்வைப் பொருத்தினார். குழந்தை உறிஞ்சினால் கீறல் திறக்கும், வாயை எடுத்தால் மூடிக்கொள்ளும். அத்தகைய வால்வுகள் வேறு இடங்களில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவைதான். ‘இதில் என்ன கண்டுபிடிப்பு?’ என்று எதிர்த்தரப்பு கேட்டது.

1999-ல் நீதிபதி லேடி அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டார். இந்தச் சிக்கல் எத்தனை காலமாக இருந்தது? எத்தனை பேருக்குத் தெரியும்? தேவையான பொருட்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தனவா? விற்பனை குவிந்ததற்குக் காரணம் நுட்பமா, விளம்பரமா? குவளை ஒழுகுவது எல்லாத் தாய்மார்களுக்கும் எல்லா உற்பத்தியாளர்களுக்கும் தெரிந்த தலைவலி. வால்வும் விலை மலிவு. அப்படியிருக்க, வருடக்கணக்கில் இதே தொழிலில் இருந்தவர்கள் ஏன் செய்யவில்லை? அவர்களுக்குத் தோன்றவில்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. காப்புரிமை நிலைத்தது.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டத்தின் மனம் புரிகிறது. குவளை விஷயத்தில் எல்லோரும் ஒரு விடையைத் தேடிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் கிடைக்கவில்லை. ஸ்டீரியோபெல்ட் விஷயத்தில் யாரும் தேடவே இல்லை. பொருள் எளிமையாக இருப்பதற்கும் வெளிப்படையாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்பதை ஹேபர்மன் வழக்கு அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ‘அட, இவ்வளவுதானா!’ என்று நாம் கையை உதறுகிற பல பொருட்கள் உண்மையான கண்டுபிடிப்புகள்.

பத்து கோடி டாலர் மெனு

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். கேசட் போய் ஹார்டு டிஸ்க் வந்துவிட்டது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி 2000-ல் ‘நோமாட் ஜூக்பாக்ஸ்’ என்ற பிளேயரை விற்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பாட்டுகளை ஒரு சின்னத் திரையில் எப்படித் தேடுவது என்பது அன்றைக்கு உண்மையான சிக்கல். கிரியேட்டிவ் 2001 ஜனவரி 5 அன்று ஒரு விண்ணப்பம் போட்டது. பாட்டோடு சேர்ந்து வரும் பாடகர், ஆல்பம், வகை போன்ற விவரங்களைக் கொண்டு அடுக்கு அடுக்காகப் பட்டியலிட்டு, முதல் திரையில் வகை, அடுத்த திரையில் உட்பிரிவு, அதற்கடுத்த திரையில் பாட்டு என்று இறங்கிப் போகும் முறை அது. அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று ஆப்பிள் ஐபாடை அறிமுகப்படுத்தியது. அதன் மெனுவும் அப்படியே இறங்கிப் போனது.

2005 ஆகஸ்டில் கிரியேட்டிவுக்குக் காப்புரிமை கிடைத்தது. கம்பெனி அதை ‘ஜென் காப்புரிமை’ என்று அழைத்தது. அதே கோடையில் ஆப்பிளின் சொந்த விண்ணப்பம் ஒன்று நிராகரிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஜான் பிளாட் ஐந்து மாதம் முன்பே போட்டிருந்த விண்ணப்பம் குறுக்கே நின்றது. 2006 மே மாதம் கிரியேட்டிவ் வழக்குக்குப் போனது. ஆப்பிளும் தன் காப்புரிமைகளைக் காட்டி எதிர்வழக்குப் போட்டது. ஆகஸ்டில் ஆப்பிள் பத்து கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

வகை வகையாகப் பிரித்து உள்ளே இறங்கிப் போவது கம்ப்யூட்டரில் கோப்புறைகள் வந்த காலத்திலிருந்து எல்லோரும் செய்வது. நூலகத்தில் கார்டு பெட்டிகளைத் திறந்தவர்களும் அதையேதான் செய்தார்கள். பாட்டு பிளேயரில் அதைச் செய்வது அத்தனை பெரிய தாவலா? அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்ல வாய்ப்பே வரவில்லை. ஐபாட் அப்போது ஆப்பிளுக்குப் பொன் முட்டையிடும் வாத்து. அதன் இறக்குமதிக்குத் தடை வரும் அபாயத்தை எடைபோட்ட கம்பெனிக்குப் பத்து கோடி சிறிய தொகையாகத் தெரிந்திருக்கும்.

எட்டே மாதத்தில் காற்று மாறியது. 2007 ஏப்ரல் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வழக்கு காரின் ஆக்சிலரேட்டர் பெடலைப் பற்றியது. அதுவரை கீழ் நீதிமன்றங்கள், ‘இந்த இரண்டையும் சேர்க்கலாம் என்று பழைய ஆவணம் ஏதாவது வழிகாட்டியிருக்கிறதா?’ என்று இறுக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தன. எழுத்தில் இல்லையென்றால் காப்புரிமை தப்பிவிடும். உச்ச நீதிமன்றம் அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது. துறை தெரிந்தவர் வெறும் இயந்திரம் அல்ல, சாதாரண மனிதனுக்குரிய கற்பனை அவருக்கும் உண்டு. தெரிந்த பாகங்களைத் தெரிந்த விதத்தில் சேர்த்து எதிர்பார்த்த பலனையே பெற்றால் அது பெரும்பாலும் வெளிப்படையானதே என்றது. இந்த அளவுகோல் ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் ஆப்பிள் அவ்வளவு பெரிய காசோலையில் கையெழுத்திட்டிருக்காது என்பது என் கணிப்பு.

அந்தக் காப்புரிமையின் பிற்காலம் இன்னும் விசித்திரம். 2016-ல் கிரியேட்டிவ் அதே ஜென் காப்புரிமையைத் தூக்கிக்கொண்டு ஆண்ட்ராய்டு போன் கம்பெனிகள் மேல் அமெரிக்கச் சர்வதேச வர்த்தக ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ஆணைய நீதிபதி, வரிசைப்படுத்தித் தேடுவது என்பது வெறும் கருத்து, அதற்குக் காப்புரிமைத் தகுதியே கிடையாது என்று தள்ளினார். அது வேறு சட்டக் காரணம்தான். ஆனால் ஒரே தாள், பத்து ஆண்டு இடைவெளியில் ஒருமுறை பத்து கோடி டாலர், இன்னொருமுறை பூஜ்யம்.

பெட்டிச் செய்தி: தன் கனவைத் தானே இழந்தவர்

கேன் கிரேமர், பிரிட்டன்காரர். 1979-ல், வாக்மேன் வந்த அதே ஆண்டில், நகரும் பாகமே இல்லாமல் சில்லில் இசையைச் சேமிக்கும் கிரெடிட் கார்டு அளவுள்ள பிளேயரை வரைந்தார். அன்றைய நினைவகத்தில் மூன்றரை நிமிடப் பாட்டுதான் அடங்கும். 120 நாடுகளில் காப்புரிமையைப் புதுப்பிக்க 60,000 பவுண்டு தேவைப்பட்டது. திரட்ட முடியாமல் 1988-ல் உரிமை காலாவதியானது. பிற்பாடு பர்ஸ்ட் டாட் காம் நிறுவனத்தோடு ஆப்பிளுக்குக் காப்புரிமைத் தகராறு வந்தபோது, ‘இது முன்பே தெரிந்ததுதான்’ என்று காட்டுவதற்காகக் கிரேமரைத் தேடிப்பிடித்து அழைத்தது ஆப்பிள். அவருடைய வரைபடங்கள் அவருக்குப் பணம் ஈட்டித் தரவில்லை. இன்னொருவரின் உரிமையைத் தகர்க்கும் சாட்சியாக மட்டும் பயன்பட்டன.

பாட்காஸ்ட்காரர்களின் வீட்டுக்கு வந்த கடிதங்கள்

காப்புரிமை அலுவலகம் வாசலில் கண்டிப்பாக இல்லாவிட்டால் யார் அடிபடுகிறார்கள் என்பதற்கு ‘பர்சனல் ஆடியோ’ கதையைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

அமெரிக்கத் தொழில்முனைவோர் ஜிம் லோகன் 1996-ல் அந்தப் பெயரில் ஒரு கம்பெனி தொடங்கினார். பத்திரிகைக் கட்டுரைகளைப் படித்துப் பதிவு செய்து கேசட்டில் தபாலில் அனுப்பினார். நமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து நெட்டில் இறக்கிக் கேட்கும் பிளேயர் ஒன்றையும் திட்டமிட்டார். பிளேயர் கடைக்கு வரவில்லை. விண்ணப்பம் மட்டும் 1996 அக்டோபர் தேதியோடு உயிரோடு இருந்தது. அதிலிருந்து பிறந்த காப்புரிமைகளைக் காட்டி, ஐபாடின் பிளேலிஸ்ட்டுக்காக ஆப்பிள் மேல் வழக்குப் போட்டார்கள். 2011 ஜூலையில் டெக்சாஸ் ஜூரி எண்பது லட்சம் டாலர் தரச் சொன்னது.

2012-ல் அதே விண்ணப்பத்தின் கிளையாக இன்னொரு காப்புரிமை கிடைத்தது. தொடர் நிகழ்ச்சியின் புதுப் பகுதிகளைப் பட்டியலிட்டு நெட்டில் வெளியிடும் முறை என்று அதில் எழுதியிருந்தது. சுருக்கமாகச் சொன்னால் பாட்காஸ்ட். நகைச்சுவை நடிகர் ஆடம் கரோலா முதல் சிபிஎஸ் தொலைக்காட்சி வரை வழக்குகள் பாய்ந்தன. அறையில் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை பேசுகிற சின்ன ஆட்களுக்கும் லைசென்ஸ் கேட்டுக் கடிதங்கள் போயின. சிபிஎஸ் வழக்கில் ஜூரி பதின்மூன்று லட்சம் டாலர் விதித்தது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால் சின்ன ஆள் என்ன செய்வார்? வழக்கறிஞரை வைக்கப் பணமில்லை; கேட்டதைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதுதான் அவருக்கு இருந்த வழி.

அப்போது எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற பொதுநல அமைப்பு மக்களிடம் நன்கொடை திரட்டியது. ஜூரியிடம் போகாமல், காப்புரிமை அலுவலகத்தின் மறுஆய்வுக் குழுவுக்குப் போனது. முன்பே இருந்தவற்றைத் தோண்டி எடுத்தார்கள். சிஎன்என் தன் செய்திப் பகுதிகளை நெட்டில் வெளியிட்ட ‘இன்டர்நெட் நியூஸ்ரூம்’ கிடைத்தது. கனடா வானொலியின் ‘குவிர்க்ஸ் அண்ட் குவார்க்ஸ்’ அறிவியல் நிகழ்ச்சி இணையத்தில் ஏற்றப்பட்ட சான்றும் கிடைத்தது. இரண்டுமே 1996 அக்டோபருக்கு முந்தியவை. 2015 ஏப்ரல் 10 அன்று குழு அந்தக் காப்புரிமையின் முக்கியக் கிளெய்ம்களை, அதாவது உரிமைக் கோரிக்கைகளை, தள்ளுபடி செய்தது. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

ஜூரிக்குத் தெரியாத ஒன்றை மறுஆய்வுக் குழு எப்படிக் கண்டது? அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் தொழில்நுட்பம் படித்தவர்கள். பழைய ஆவணத்தையும் கிளெய்மையும் வரி வரியாக ஒப்பிடுகிறவர்கள். செலவும் நீதிமன்ற வழக்கின் ஒரு பங்குதான். தேவையான கேள்வியைத் தகுதியானவர்களிடம், கட்டுப்படியாகும் செலவில் கேட்க ஓர் இடம் இருந்தது. அது இல்லையென்றால் பாட்காஸ்ட் என்ற ஊடகமே ஒருவருக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்திருக்கும்.

நம் ஊரில் என்ன சட்டம்?

1970-ன் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 2(1)(ஜேஏ) இதைத்தான் பேசுகிறது. ஏற்கெனவே உள்ள அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும். அதோடு துறை தெரிந்தவருக்கு வெளிப்படையாகவும் இருக்கக் கூடாது. பிரிவு 3(எஃப்) இன்னும் நேரடியானது. தெரிந்த சாதனங்களைச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்தால் அது கண்டுபிடிப்பே அல்ல. மிக்ஸியின் பக்கவாட்டில் கடிகாரத்தை ஒட்டினால் சட்னியும் அரைபடும், மணியும் தெரியும், காப்புரிமை கிடைக்காது. ஸ்டீரியோபெல்ட் இந்தியாவுக்கு வந்திருந்தால் முதல் கேள்வியே இந்தப் பிரிவிலிருந்துதான் கிளம்பியிருக்கும்.

இதற்கெல்லாம் அடித்தளம் போட்டது மிர்சாபூர் பாத்திரப் பட்டறையிலிருந்து வந்த வழக்கு. உலோகப் பாத்திரத்தை லேத்தில் பிடித்துக் கடையும்போது அது நழுவாமல் இருக்க ஒருவர் செய்த மாற்றத்துக்கு 1951-ல் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், இது பட்டறையில் அன்றாடம் நடக்கும் சில்லறைத் திருத்தம், இதற்கு உரிமை இல்லை என்றது. பிஸ்வநாத் பிரசாத் வழக்கு என்று இன்றும் எல்லா வாதங்களிலும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு காயம் உண்டு. 2007 டிசம்பரில் ஓசூரின் டிவிஎஸ் ‘ஃபிளேம்’ பைக்கை வெளியிட்டது. இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்த இன்ஜின் தங்கள் காப்புரிமைக்குள் வருகிறது என்றது பஜாஜ். தொழில்நுட்பம் பழையது என்றது டிவிஎஸ். 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடை விதித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதி அமர்வு தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. வழக்கு 2019-ல் சமரசத்தில் முடிந்தது. ‘வெளிப்படையா, இல்லையா’ என்ற மூலக் கேள்விக்கு இறுதி விடை வரவே இல்லை. இதற்குள் ஒரு பைக்கின் ஆயுளே முடிந்துவிட்டது.

தேதியும் பணமும்

பாவெல் வழக்கில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. வெளிப்படைத்தன்மையை அளக்கும் நாள், ஒருவருக்கு யோசனை உதித்த நாள் அல்ல. விண்ணப்பம் பதிவான நாள். அவர் பனிக்காட்டில் பொத்தானை அழுத்தியது 1972-ல். பதிவு செய்தது 1977-ல். நடுவில் ஐந்து ஆண்டுகள் கம்பெனி கம்பெனியாக அலைந்தார். அந்த ஐந்து ஆண்டுகளில் கேசட் தொழில்நுட்பம் எவ்வளவு முன்னே போனதோ அவ்வளவும் அவருக்கு எதிரான சாட்சியாகச் சேர்ந்துகொண்டது.

இன்னொரு வேதனை. அவருடைய வழக்கு முதலில் நடந்த காப்புரிமைக் கவுன்ட்டி நீதிமன்றம், சிறு கண்டுபிடிப்பாளர்கள் குறைந்த செலவில் நியாயம் பெறட்டும் என்று 1990-ல் தொடங்கப்பட்டது. அங்கேயே செலவு இப்படி எகிறியது. தோற்றவர் எதிர்த்தரப்புக்குத் தர வேண்டிய செலவுக்கு 50,000 பவுண்டு உச்சவரம்பு 2010-ல்தான் வந்தது. பாவெல் கடைசிவரை விடவில்லை. காப்புரிமை வாங்கிய மற்ற நாடுகளிலெல்லாம் வழக்குப் போடுவேன் என்று 2001-ல் எச்சரித்தார். சோனி 2003-ல் சமரசத்துக்கு வந்தது. தொகை ரகசியம். ஒரு கோடி டாலரைத் தாண்டியது என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதின.

கோவையிலோ திருச்சியிலோ பட்டறையில் ஒன்றைச் செய்து பார்த்து, அது புதிது என்று நம்புகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. கம்பெனிகளிடம் காட்டும் முன் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துவிட வேண்டும். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரத்தைக் கொடுக்கப் பன்னிரண்டு மாதம் அவகாசம் உண்டு. பழையதில் என்ன சிக்கல் இருந்தது, எத்தனை பேர் முயன்று முடியாமல் விட்டார்கள் என்பதை அன்றன்றே தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். ஹேபர்மனின் குவளையைக் காப்பாற்றியது அந்த மாதிரிச் சான்றுதான்.

மறுபக்கம், தகுதியில்லாத ஒன்றுக்கு உரிமை போகப்போகிறது என்று தெரிந்தால் நம் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். பிரிவு 25(1)-ன் கீழ், காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன், படிவம் 7ஏ-வில் மனு கொடுத்தால் போதும். பழைய கேட்லாக், கல்லூரி புராஜெக்ட் அறிக்கை, சர்வீஸ் மேனுவல் என்று எதையும் சான்றாக வைக்கலாம். வழக்காகி ஜூரிகளும் அமர்வுகளும் ஆண்டுக்கணக்கில் அலசுவதற்கு முன்பே, வாசலிலேயே கேள்வியைத் தீர்க்கும் ஏற்பாடு இது. மருந்துகள் விஷயத்தில் நோயாளிகள் அமைப்புகள் இதைப் பயன்படுத்தி வென்றிருக்கின்றன. 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தம் இந்த மனுவுக்குக் கட்டணம் விதித்திருக்கிறது. மனு ஏற்கத்தக்கதா என்று முதலில் அதிகாரி முடிவு செய்யும் முறையையும் கொண்டுவந்திருக்கிறது. வீண் மனுக்களைத் தடுக்க அதிகாரியின் முதல்கட்டப் பரிசீலனையே போதுமானது. தனிநபர்களுக்கும் பொதுநல அமைப்புகளுக்கும் விதித்த கட்டணத்தை மத்திய அரசு நீக்க வேண்டும்.